சாத்தூரில் வாங்கிய காற்று

சாத்தூர் வழியாகப் போய்ச் சேவு வாங்காமல் திரும்புகிறவர்களும் உலகத்தில் இருக்கலாம். நாம் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் அல்ல. மதுரையிலிருந்து கோவில்பட்டிக்குக் குடும்பத்தோடு காரில் பிரயாணம் செய்தபோது, வழக்கம்போல் இறங்கி அரைக் கிலோ காராச்சேவு வாங்கினோம். பிறகு ஒரு பஞ்சர் கடையில் காற்றும் வாங்கினோம். விஷயம் அந்தக் காற்றைப் பற்றியது.

"எத்தனை, அண்ணாச்சி?" என்றார் கடைத் தம்பி. கதவோரச் சீட்டில் '2.3 பார்' என்றிருந்தது. "இரண்டு புள்ளி மூன்று" என்றோம், படித்தவர்களுக்குரிய கம்பீரத்தோடு. கம்ப்ரஸர் போட்ட சத்தத்தில் புள்ளி எங்கேயோ பறந்துவிட்டது. அவர் இருபத்து மூன்று பவுண்டு வைத்து மூடியைத் திருகிவிட்டார்!

"டயர் சப்பென்று இருக்கிறதே" என்று நம் வீட்டு அம்மாள் சொன்னாரோ, பிழைத்தோம். காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக வளைந்து நிமிரும். வளைய வளையச் சூடேறும். கரிசல் காட்டின் சித்திரை வெயிலில், நால்வழிச் சாலையின் வேகத்தில், அது வெடித்தால் என்ன ஆகும் என்று எழுத நமக்கு மனமில்லை.

1956-ஆம் வருஷத்து எடை அளவுச் சட்டம் வீசையையும் பலத்தையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. சேவு கிலோவுக்கு வந்து எத்தனையோ காலமாயிற்று. 1947-இல் கப்பலேறிய வெள்ளைக்காரரின் பவுண்டு மட்டும் நம் டயருக்குள் ஒளிந்துகொண்டது! அதிலும் பாதிப் பெயரை நாம் விழுங்கிவிட்டோம். ஒரு சதுர அங்குலத்தின் மேல் ஒரு பவுண்டு எடை அழுத்தும் அழுத்தம் என்பதே முழுப் பெயர்.

அங்குலம் 2.54 சென்டிமீட்டர், ஆகவே சதுர அங்குலம் 6.45 சதுர சென்டிமீட்டர். கிலோவுக்கு 2.2 பவுண்டு. இரண்டையும் பெருக்கினால், சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ என்பது ஏறக்குறைய 14.2 பவுண்டு. பெரும்பாலான வீட்டுக் குக்கர்களில் வெயிட் தூக்குவதும் சுமார் இந்த அழுத்தத்தில்தான். 'பார்' சற்றே பெரிது: 14.5 பவுண்டு. சில வண்டிகளில் 230 கிலோபாஸ்கல் என்று போட்டுப் பயமுறுத்துவார்கள். பயம் வேண்டாம், ஏழால் வகுத்தால் போதும். முப்பத்து மூன்று பவுண்டு கிடைத்துவிடும்.

இன்னொன்று. வண்டி ஓடிச் சூடான டயரில் கருவி இரண்டு மூன்று பவுண்டு கூடுதலாகக் காட்டும். அதைக் கண்டு காற்றை இறக்கிவிடாதீர்கள். சீட்டிலுள்ள கணக்கு ஆறிய டயருக்கு உரியது.

தம்பி நான்கு சக்கரத்துக்கும் மறுபடி காற்றடித்து முடித்தார். "பவுண்டுன்னு சொல்லியிருந்தா ஒரு வார்த்தையில முடிஞ்சிருக்கும், அண்ணாச்சி" என்றார். சேவுப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினோம். தாராளமாகவே அள்ளிக்கொண்டார்.