மேகதாது: அளவு மட்டும் பார்த்தால் போதாது

மேகதாது அணை பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நம்மிடம் ஒரே கேள்விதான்: 'நமக்குரிய 177.25 டிஎம்சி வருமா, வராதா?' கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால், தண்ணீர் எந்த மாதம் வருகிறது, எந்தத் தரத்தில் வருகிறது என்பதையும் பொறுத்தே உங்கள் மகசூல் அமையும். இந்த இரண்டும் விவாதத்தில் பின்னுக்குப் போய்விட்டன.

திட்டம் என்ன?

கர்நாடகத்தின் கனகபுரா வட்டத்தில், அர்க்காவதி ஆறு காவிரியில் கலக்கும் இடத்துக்குக் கீழே 67.16 டிஎம்சி கொள்ளளவில் அணை கட்டுவதே திட்டம். கிருஷ்ணராஜ சாகரின் கொள்ளளவே 49.45 டிஎம்சிதான். பெங்களூருவுக்கு 4.75 டிஎம்சி குடிநீர், 400 மெகாவாட் மின்சாரம் ஆகியவை நோக்கங்கள் என்கிறது கர்நாடகம். 2019இல் திட்ட அறிக்கை மத்திய நீர் ஆணையத்துக்குச் சென்றது. தமிழகம் தாக்கல் செய்த மனு முன்கூட்டியது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. எனவே, இனி நிபுணர்களின் ஆய்வில் என்னென்ன கணக்கில் எடுக்கப்படும் என்பதே முக்கியம்.

காலம் தவறினால்...

பிலிகுண்டுலுவில் ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95 டிஎம்சி வர வேண்டும். ஆண்டு அளவில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் இந்த இரு மாதங்களில்தான். கிருஷ்ணராஜ சாகர், கபினி அணைகளுக்குக் கீழே காவிரியில் சேரும் மழைநீர், இப்போது பெரிய அணை எதுவும் குறுக்கிடாமல் மேட்டூருக்கு வருகிறது. மேகதாது வந்தால் அந்த நீரும் மதகுக்குள் போய்விடும்.

வெள்ள ஆண்டில் சேமித்து, வறட்சி ஆண்டில் திறக்கலாம் என்ற வாதத்தை அப்படியே ஒதுக்க முடியாது. ஆனால், ஆகஸ்ட் தண்ணீர் அக்டோபரில் வந்தால் ஆண்டுக் கணக்கு சரியாக இருக்கும். பயிர்க் கணக்கு சரியாக இருக்காது. சம்பா நாற்றங்கால் தள்ளிப்போகும். இளம்பயிர் வடகிழக்குப் பருவமழையில் மூழ்கும். மேட்டூர் ஜனவரி 28இல் மூடும்போது கதிர் முற்றியிருக்காது.

தரம் கெட்டால்...

நகரக் குடிநீரில் 20 சதவீதம் மட்டுமே செலவாகிறது என்பது நடுவர் மன்றம் பின்பற்றிய கணக்கு. மீதி திரும்பி வரும். எப்படி வரும்? சாக்கடையாக. பெங்களூரு கழிவைச் சுமக்கும் விருஷபாவதி, அர்க்காவதி வழியாகக் காவிரியில்தான் சேர்கிறது. நகரத்துக்குப் போகும் நீர் கூடினால் கழிவும் கூடும். அதே நகரின் கழிவு தென்பெண்ணையில் இறங்கி, ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவதை ஏற்கெனவே பார்த்துவருகிறோம்.

கடைமடையில் வேறொரு கவலை. வெள்ளநீர் கடலில் வீணாகிறது என்பார்கள். நாகை, வேதாரண்யம் பகுதிகளில் உப்புநீர் உள்ளே ஏறாமல் தள்ளி நிறுத்துவதும் அந்த வெள்ளம்தான்.

காடும் யானையும்

மூழ்கும் பரப்பு சுமார் 5,000 ஹெக்டேர். பெரும்பகுதி காவிரி வனவிலங்கு சரணாலயமும் காப்புக்காடும். ஆண்டுக்கு ஒன்றரை மீட்டர் ஆவியானால், நிரம்பிய நிலையில் அந்தப் பரப்பிலிருந்து போவது ஏறக்குறைய 2.6 டிஎம்சி. பிப்ரவரி முதல் மே வரை மாதந்தோறும் நமக்கு ஒதுக்கியிருப்பதே 2.5 டிஎம்சிதான். ஆற்றங்கரைக் காட்டை இழக்கும் யானைகள் அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை கேழ்வரகு வயல்களை நோக்கி வரும். அங்கே இரவுக் காவல் இப்போதே பெரும் பாடு.

எல்லாப் பழியையும் இந்த அணை மீது போடவும் கூடாது. டெல்டாவுக்கு வண்டல் குறைந்தது 1934இல் மேட்டூர் வந்தபோதே தொடங்கிவிட்டது.

நீங்கள் செய்யக்கூடியது

சுற்றுச்சூழல் கருத்துக் கேட்பு, திட்டம் அமையும் மாவட்டத்தில்தான் நடக்கும். திருவாரூரிலோ நாகையிலோ நடக்காது. எனவே, நமக்குப் பதிவேடுதான் சாட்சி. உங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்த தேதியையும் நின்ற தேதியையும் ஆண்டுதோறும் எழுதிவையுங்கள். பருவத் தொடக்கத்திலும் முடிவிலும் வாய்க்கால் நீரையும் கிணற்று நீரையும் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து, உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத் திறனைப் பாருங்கள். மீட்டருக்கு 2 டெசிசைமனைத் தாண்டினால் நெல் மகசூல் குறையத் தொடங்கும்.

வேளாண் உதவி அலுவலர்கள் இதைக் கிராம வாரியாகத் தொகுக்கலாம். கீழ்ப்பகுதிப் பாதிப்பையும் தனியாக ஆய்வு செய்ய வேண்டும் எனக் கிராம சபையில் தீர்மானம் போட்டு அரசுக்கு அனுப்பலாம். அணை கட்டிய பிறகு 'முன்பு எப்படி இருந்தது?' என்று கேட்பார்கள். பதில் அன்று உங்கள் கையில் இருக்க வேண்டும்.