மண்வளமும் மதிவளமும்

ஒரு நாட்டின் செல்வம் யாது என வினவின், அந்நாட்டின் மலையையும் காட்டையும் சுரங்கத்தையும் சுட்டிக்காட்டி விடைபகருவோர் பலர். நிலத்தின் கீழே கனியமும் நிலத்தின் மேலே பயிரும் நிறைந்திருப்பின் மக்கள் வறுமையுறார் என்பது அவர் துணிபு. உலக வாணிகத்தின் வரலாறோ இத்துணிபை உறுதிசெய்வதாயில்லை. இதனை உணர்தற்கு நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. எம் பாட்டன்மார் பலர் உத்தியோகம் பார்த்த மலாயா நாடே போதிய சான்றாகும்.

யாழ்ப்பாணத்தாருக்கு மலாயா புதிய நாடன்று. 1885ஆம் ஆண்டிலே தைப்பிங் நகருக்கும் போர்ட் வெல்ட் துறைக்குமிடையே அந்நாட்டின் முதலாவது புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. சுரங்கங்களிலிருந்து வெள்ளீயத்தைக் கடற்றுறைக்குக் கொண்டுசேர்ப்பதே அதன் தலையாய நோக்கம். அப்பாதை நீண்டு வளர, நிலைய அதிபர்களாகவும் எழுதுவினைஞர்களாகவும் எம்மவர் கப்பலேறினர். அவர் அனுப்பிய பணத்தினாலே கல்வீடுகள் எழுந்தன, கோயில்கள் புதுக்கப்பெற்றன, பிள்ளைகள் கல்வி பெற்றனர். ‘மலாயாப் பென்சன்காரர்’ என்னும் பெயர் ஊர்தோறும் மதிப்புப் பெற்றது. எனினும், அந்நாட்டின் வளத்திலிருந்து எமக்குக் கிடைத்தது சிறு துளியே; வெள்ளம் வேறு திசையிற் பாய்ந்தது.

அத்திசை யாது? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகத்து வெள்ளீயத்தில் ஏறத்தாழ அரைப்பங்கு மலாயாவிலே தோண்டப்பட்டது. சிங்கப்பூரிலும் பினாங்கிலும் அது உருக்கப்பட்டது உண்மையே. ஆயின், அதனை இரும்புத் தகட்டிற் பூசிப் பேணி செய்யும் தொழில் வேல்ஸ் நாட்டிலும் அமெரிக்காவிலுமே செழித்தது. கிந்தாப் பள்ளத்தாக்கிலே சேற்றில் நின்று ஈயம் அரித்த தொழிலாளி, அதே ஈயம் பூசிய ரின்பாற் பேணியை இறக்குமதிப் பொருளாக விலைகொடுத்து வாங்கினான். இறப்பரின் கதையும் இதுவே. பிரேசில் நாட்டு வித்துக்கள் இலண்டன் கியூப் பூங்காவில் முளைப்பிக்கப்பட்டு, 1876இல் இலங்கையின் ஹெனரத்கொடைத் தோட்டத்துக்கும் 1877இல் சிங்கப்பூருக்கும் நாற்றுக்களாக வந்தன. மலாயாவில் மரங்கள் காடாய்ப் பெருகின; தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளர் பால் வெட்டினர்; ரயர் செய்யும் நுட்பமோ அமெரிக்காவின் அக்றன் நகரிலும் இங்கிலாந்திலும் தங்கிவிட்டது.

இக்காலப் பொருளியலறிஞர் இந்நிலையை அளந்தறிய ஒரு முறை வகுத்துள்ளனர். ஹிடால்கோ, ஹவுஸ்மன் என்னும் இருவர் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்தது அது. ‘பொருளாதாரச் சிக்கற்றன்மை’ என அதனை வழங்கலாம். ஈண்டுச் சிக்கல் என்பது இடர் அன்று. பல இழைகள் கூடிய நெசவு போன்ற பின்னலாம். ஒரு நாடு எத்தனை வகைப் பொருள்களை ஏற்றுமதி செய்கின்றது? அப்பொருள்களை வேறு எத்தனை நாடுகள் செய்யவல்லன? இவ்விரு வினாக்களே அம்முறையின் அடிப்படை. பல பொருள்களை ஆக்கி, அவற்றுட் பிறர் ஆக்கவியலாத அரியவற்றையும் ஆக்கும் நாட்டிலே பலதிறப்பட்ட அறிவு ஒருங்கு கூடியிருத்தல் வேண்டும். கனியவளம் மிகக் குறைந்த யப்பான் இவ்வரிசையில் நெடுங்காலம் முதலிடத்தில் நின்றதும், மசகெண்ணெயொன்றையே நம்பிய நாடுகள் பல கீழே கிடப்பதும் சிந்திக்கத்தக்கன.

ஒரு பொருளையே நம்பியிருப்பதன் கேடு 1985ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. விலையைத் தாங்கிநின்ற சர்வதேச வெள்ளீய மன்றம் அவ்வாண்டு ஒக்ரோபர் மாதத்தில் பணமின்றி முறிந்தது. வெள்ளீயத்தின் விலை சரிந்தது. பேராக் மாநிலத்துச் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. நூறாண்டு காலம் உலகுக்கு ஈயம் அளித்த நகரங்கள் பிழைப்புத் தேடித் தம் இளைஞரை வெளியே அனுப்பின.

பினாங்குத் தீவின் கதை இதனின் வேறானது. அத்தீவிற் சுரங்கமுமில்லை, எண்ணெயுமில்லை. சுங்கத் தீர்வையற்ற துறைமுகம் என்னும் சிறப்பையும் அது 1969இல் இழந்தது, வேலையின்மை பெருகிற்று. அவ்வாண்டு முதலமைச்சராகிய டாக்டர் லிம் சொங் யூ, அழுது காலங்கழிக்கவில்லை. 1972இல் பாயான் லெப்பாஸ் என்னுமிடத்திலே சுதந்திர வர்த்தக வலயம் அமைந்தது. இன்ரெல், ஹிட்டாச்சி முதலிய கொம்பனிகள் அங்கே இலத்திரனியற் பாகங்களைப் பொருத்தும் ஆலைகளை நிறுவின. முதலில் நடந்தது நுண்கம்பி இணைக்கும் கைவேலையே. நாளடைவிற் சோதனையும், பின்னர் வடிவமைப்பும் வந்து சேர்ந்தன. 1989இல் அரசும் ஆலைகளும் கல்வியாளரும் கூடித் திறன் வளர்ச்சி நிலையமொன்றை நிறுவித் தொழிலாளரைப் பயிற்றினர். இன்று உலகத்துக் குறைகடத்திகளைப் பொதிசெய்து சோதிக்கும் தொழிலிலே நூற்றுக்கு ஏறத்தாழ 13 பங்கு மலேசியாவுக்குரியது. அதன் இதயம் பினாங்கே.

இதனால் மண்வளத்தைப் புறக்கணித்தல் வேண்டும் என்பது எம் கருத்தன்று. செம்பனை எண்ணெயைக் கச்சாவாக விற்பதற்குத் தீர்வையும் சுத்திகரித்து விற்பதற்குச் சலுகையும் வைத்து, 1970களில் மலேசியா தன் நாட்டிலேயே சுத்திகரிப்பாலைகளை வளர்த்தது. இறப்பர்ப் பாலிலிருந்து மருத்துவக் கையுறை செய்யும் தொழிலில் அது உலகில் முதன்மை பெற்றது. வளத்தோடு அறிவு சேர்ந்தவிடத்து வளம் பன்மடங்காகின்றது.

சேராதவிடத்து நிகழ்வது யாது? அதே நாட்டுச் சபா மாநிலத்தைக் காண்க. அங்கே எண்ணெயுண்டு, காடுண்டு, செம்பனையுண்டு. எண்ணெய் வருவாயில் 1976ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி மாநிலத்துக்கு உரிமைப்பணமாக வாய்த்தது நூற்றுக்கு ஐந்தே. காட்டு மரங்கள் பல்லாண்டு காலம் உருட்டுக் கட்டைகளாகவே யப்பானுக்குக் கப்பலேறின. 2022ஆம் ஆண்டிலே மலேசியா முழுவதிலும் நூற்றுக்கு 6.2 குடும்பங்கள் வறுமைக்கோட்டின் கீழிருக்கச் சபாவில் 19.7 குடும்பங்கள் அந்நிலையிலிருந்தன. பங்கீட்டு நீதி வேண்டும் எனச் சபா மக்கள் கேட்பது நியாயமே. ஆயின், பங்கு மட்டும் கூடினால் வறுமை தீர்ந்துவிடாது. மரத்தைக் கட்டையாக அனுப்புவதை விடுத்து வேறு செய்யவல்ல கைகளும் வேண்டும்.

இதற்கு மாறாகச் சிலர் கூறுவதுமுண்டு. பினாங்கின் ஆலைகள் பிறநாட்டார் உடைமை. சூத்திரம் அவர் கையில், உழைப்பே இவர் கையில் என்பர். இக்கூற்றில் உண்மையில்லாமலில்லை. ஐம்பதாண்டு கழிந்தும் மலேசியா தனக்குப் போதிய பொறியியலாளர் இன்றித் தவிக்கின்றது. 2024இல் அரசு அறிவித்த குறைகடத்தித் திட்டம் 60,000 பொறியியலாளரைப் பயிற்றுவதை ஒரு குறிக்கோளாகக் கொண்டமையே அதற்குச் சான்று. ஆயினும், பிறர் ஆலையிற் கற்ற கை தன் ஆலையைத் தொடங்க வல்லது. அவ்வாறு தொடங்கிய உள்ளூர்க் கொம்பனிகள் இன்று பினாங்கிற் பலவுள. பிறர் சுரங்கத்தில் மண் சுமந்த தோளுக்கு அவ்வழி எளிதிற் கிட்டவில்லை. எவ்வகை வேலை வருகின்றது என்பதைக் காட்டிலும், அவ்வேலை அடுத்த வேலைக்குப் படியாகுமா என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

அக்கேள்வி எம்மையும் நோக்கி நிற்கின்றது. அதே 1876ஆம் ஆண்டு நாற்றுக்களிலிருந்து எமது நாடும் இறப்பர் வளர்த்தது. பாரந்தூக்கும் வண்டிகளுக்கான திண்ம ரயர்களை இலங்கை இன்று உலகுக்கு விற்கின்றது என்பது மகிழ்ச்சிக்குரியது. புல்மோட்டைக் கடற்கரையின் இல்மனைற் மணலோ பெரும்பாலும் தாதுவாகவே கப்பலேறுகின்றது. அம்மணலிலிருந்து வெண்ணிறச் சாயமும் ரைற்றேனியமும் ஆக்கும் அறிவு பிறநாட்டில் இருக்கும்வரை, அதன் பெரும்பயனும் பிறநாட்டிலேயே இருக்கும்.

எமது முன்னோர் கற்ற கல்வி, மலாயாவின் கணக்கேடுகளைப் பிழையின்றி எழுதும் ஆற்றலைத் தந்தது. அது சிறுமையன்று, அக்காலம் கேட்டது அதுவே. இக்காலம் கேட்பது வேறு. கணக்கெழுதுவோன் பெட்டியுட் சென்றதை அறிவான். பெட்டியிலுள்ளதை ஆக்கத் தெரிந்தோனே விலையை நிருணயிப்பான். ஆகவே, விழாக்காலத்திற் கல்லூரிக்குக் கொடையளிக்க விரும்பும் பழைய மாணவருக்கு ஒன்று கூறுவோம். மண்டபமும் மதிலும் வேண்டியனவே. அவற்றினும் முந்தி வேண்டியன ஆய்வுகூடமும் தொழிற்கூடமுமாம். இரசாயனத்தைப் பரீட்சைக்காக மட்டும் மனனஞ்செய்யும் மாணவர், கையில் அழுக்குப்படும் தொழிலை இழிவெனக் கருதாதொழிவாராக. நிலத்தின் கீழ்க் கிடப்பது ஒருநாள் தீரும். அல்லது விலை குன்றும். தலையிலும் கையிலும் கூடிய அறிவோ, எடுக்க எடுக்கப் பெருகும் சுரங்கமாகும்.