அம்பிகாபதியை உயிர்ப்பித்தவர்கள்

கம்பர் மகன் அம்பிகாபதியின் கதையை அறியாத தமிழர் குறைவு. சோழன் மகள் அமராவதியைக் காதலித்தான். நூறு பாடல் பாட வேண்டிய சோதனையில், காப்புச் செய்யுளையும் சேர்த்து எண்ணிவிட்ட அவள் அவசரத்தால் தொண்ணூற்றொன்பதில் தோற்றான், தலையை இழந்தான். அது வரலாறா, கட்டுக்கதையா என்ற வழக்கு ஒருபுறம் கிடக்கட்டும். 1937இல் எல்லிஸ் ஆர். டங்கனும் 1957இல் ப. நீலகண்டனும் அந்தக் கதையைப் படமாக்கினார்கள். அம்பிகாபதி என்றாலே காதலுக்காக உயிர்விட்டவன் என்று நம் மரபில் பொருளாகிவிட்டது.

ஆனந்த் எல். ராய் இயக்கத்தில் தனுஷ் நடித்து 2013இல் வந்த 'ராஞ்சனா' என்னும் இந்திப் படத்துக்குத் தமிழில் 'அம்பிகாபதி' என்று பெயர் வைத்தவர் யாராயினும் இந்த மரபை அறிந்தவர். அதன் நாயகனும் காதலின் பொருட்டே சாகிறான். 2025 ஆகஸ்ட் 1 அன்று அதே படம் தமிழகத் திரையரங்குகளுக்கு மீண்டும் வந்தது. இம்முறை அவன் சாகவில்லை! உரிமையாளரான ஈராஸ் நிறுவனம் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு இறுதிக் காட்சியை மாற்றி அவனைக் கண்விழிக்கச் செய்துவிட்டது. இயக்குநர் எதிர்த்தார். படத்தின் ஆன்மாவே பறிக்கப்பட்டுவிட்டது என்ற பொருள்பட தனுஷ் அறிக்கை வெளியிட்டார். உரிமை எங்களுடையது என்றது நிறுவனம். படம் ஓடியது.

இதில் என்ன குடி முழுகிவிட்டது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தொழில்நுட்பம் வெறும் கருவிதானே, காசு போட்டவன் தன் பொருளை மாற்றிக்கொள்கிறான், பார்ப்பவனும் மகிழ்கிறான், உமக்கு எங்கே வலிக்கிறது என்பது அவர்கள் வாதம். தமிழ் இலக்கியம் படித்தவனுக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்லத்தான் இக்கட்டுரை.

கருவி எப்போதும் வெறும் கருவியாக இருந்ததில்லை. படச்சுருள் காலத்தில் எடிட்டர் முதலில் ஒரு வேலைப் பிரதியில்தான் வெட்டி ஒட்டிப் பார்ப்பார். எல்லாம் முடிவான பிறகே, சுருளின் ஓரத்தில் உள்ள எண்களை ஒத்துப் பார்த்து மூல நெகட்டிவை வெட்டுவார்கள். அங்கே கத்தி விழுந்தால் விழுந்ததுதான். ஆகவே ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு தயக்கம், ஒரு பொறுப்பு இருந்தது. படம் இன்னது என்று அந்த நெகட்டிவ் அறுதியிட்டுச் சொன்னது. 1990களில் எடிட்டிங் கணினிக்குள் போயிற்று. பி.சி. ஸ்ரீராமின் 'வானம் வசப்படும்' (2004), கமல்ஹாசனின் 'மும்பை எக்ஸ்பிரஸ்' (2005) ஆகியவை டிஜிட்டல் கேமராவில் எடுக்கப்பட்டன. 2012 ஜனவரியில் கோடாக் நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரியது. 2013இல் ஃபூஜி திரைப்படச் சுருள் தயாரிப்பை ஏறத்தாழ முற்றிலும் நிறுத்தியது. பெட்டி பெட்டியாகப் பிரிண்ட் சுமந்த காலம் போய், வன்தட்டிலும் செயற்கைக்கோள் வழியாகவும் படம் அரங்குக்கு வந்தது.

இந்த மாற்றத்தை நான் பழிக்கவில்லை. செல்லுலாய்டை எண்ணிப் பெருமூச்சு விடுபவர்களின் கூட்டத்திலும் நான் இல்லை. செல்லுலாய்டு நமக்கு எதைக் காப்பாற்றித் தந்தது? நடராஜ முதலியாரின் மௌனப் படமான 'கீசக வதம்' இல்லை. 1931இல் வந்த முதல் பேசும்படம் 'காளிதாஸ்' இல்லை. மாறாக, 1964ஆம் ஆண்டின் 'கர்ணன்' 2012இல் புதுப்பொலிவுடன் மீண்டும் ஓடியது இந்த டிஜிட்டல் நுட்பத்தின் கொடைதான். கீறலை நீக்குவதும் மங்கிய நிறத்தை மீட்பதும் செப்பனிடல். சாகிறவனைப் பிழைக்க வைப்பது செப்பனிடல் அன்று, அது இடைச்செருகல்.

இடைச்செருகல் தமிழுக்குப் புதிதா? கம்பராமாயணத்தில் பிற்காலத்தார் பாடிச் சேர்த்த பாடல்கள் ஒன்றிரண்டல்ல. 'வெள்ளிப் பாடல்' என்ற பெயரே அவற்றுக்கு வழங்குகிறது. பதிப்பாசிரியர்கள் என்ன செய்தார்கள்? பல ஊர் ஏடுகளை ஒப்புநோக்கினார்கள், பாடபேதங்களைக் குறித்தார்கள், ஐயத்துக்குரியவற்றை மிகைப்பாடல்கள் என்று தனியே பிரித்து வைத்தார்கள். உ.வே.சா. நமக்குக் கற்பித்த நெறி இதுவே: மூலம் வேறு, சேர்க்கை வேறு.

இவ்வொப்பீடு எப்படி இயன்றது என்று எண்ணிப் பாருங்கள். ஒரு நூலுக்குப் பல ஏடுகள் பல வீடுகளில், பல மடங்களில் சிதறிக் கிடந்ததால் இயன்றது. எங்கள் திருத்தணிகை முருகனையும் பாடிய அருணகிரிநாதரின் திருப்புகழையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பாடியவை 16,000 என்பது மரபு. கிடைத்தவை ஏறத்தாழ 1,300. வ.த. சுப்பிரமணிய பிள்ளை ஊர் ஊராக ஏடு தேடி 1894இல் முதற் பகுதியை அச்சேற்றியிராவிட்டால் அவற்றிலும் எத்தனை எஞ்சியிருக்குமோ! சிதறலே அன்று காப்பாக இருந்தது. படச்சுருள் காலத்திலும் அப்படித்தான். விநியோகஸ்தர்களிடம் பல பிரிண்டுகள் இருந்தன. ஒருவர் ஒன்றை வெட்டினால் இன்னொன்று சாட்சி சொல்லும். இன்றோ மூலக் கோப்பு உரிமையாளரின் கையில். இணையத் திரையில் நேற்றிருந்த படத்தை இரவோடிரவாக அகற்றிவிட்டு வேறொன்றை வைக்கலாம். ஓலையில் எழுத்தாணியின் தடமாவது இருக்கும். இங்கே தடமும் இல்லை, ஒத்துப்பார்க்க வேறு பிரதியும் இல்லை. பாடபேதமே தெரியாத இடைச்செருகலைத் தமிழ் இதுவரை கண்டதில்லை.

சிலப்பதிகாரத்தைப் 'பூம்புகார்' என்று படமெடுக்கவில்லையா என்று மடக்குவார்கள். எடுத்தார்கள், வேறு பெயரில், வேறு ஆக்கமாக எடுத்தார்கள். இளங்கோவடிகளின் நூலில் ஓரடியும் அதனால் மாறவில்லை. எங்கள் எல்லைப்புறத்தில் தெலுங்குப் படமும் தமிழ்ப் படமும் வேற்றுமையின்றிப் பார்க்கப்படும். ஆதலால் இன்னோர் எடுத்துக்காட்டும் சொல்கிறேன். 1957ஆம் ஆண்டின் தெலுங்கு 'மாயா பஜார்' 2010இல் வண்ணம் பூசி வெளியிடப்பட்டது. கறுப்பு வெள்ளையில் நிலவொளியையே படைத்துக் காட்டிய மார்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவின்மேல் இன்னொருவர் தூரிகை ஓட்டுவது எனக்கு உவப்பன்று. ஆயினும், இது வண்ணமூட்டிய பதிப்பு என்று சொல்லியே விற்றார்கள். பழைய படமும் நிலைத்திருக்கிறது. அந்த நேர்மைக்காவது மதிப்பளிக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது? 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, தன் படைப்பு சிதைக்கப்படுவதை எதிர்க்கும் உரிமையைப் படைப்பாளிக்கு வழங்குகிறது. விஞ்ஞான் பவனில் இருந்த தம் சுவர்ச் சிற்பம் சிதைக்கப்பட்டதற்காக அமர்நாத் சேகல் 2005இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் வென்றது இந்தப் பிரிவைக் கொண்டுதான். சிற்பிக்குக் கிடைத்தது இயக்குநருக்குக் கிடைக்கும் என்று எண்ணினால் ஏமாந்தோம். அதே சட்டத்தின் 2ஆம் பிரிவு, திரைப்படத்தின் 'படைப்பாளி' தயாரிப்பாளரே என்று வரையறுக்கிறது! ஒளியை அளந்தவரும், வெட்டைத் தீர்மானித்தவரும், எல்லாவற்றையும் கோத்தவரும் இப்பிரிவின் கண்ணில் படைப்பாளிகள் அல்லர். நெகட்டிவை வெட்டினால் மீளாது என்ற பௌதிக விதி இருந்தவரை இந்த ஓட்டை பெரிதாகத் தெரியவில்லை. அந்த விதியைத் தொழில்நுட்பம் நீக்கிவிட்ட பிறகு, சட்டம் மட்டும் 1957இலேயே நிற்பது அநீதி.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை மூன்று. முதலில் வெளியான வடிவம் எதுவோ, அதன் ஒரு பிரதி உரிமையாளரின் கைக்கு எட்டாத பொது ஆவணக் காப்பகத்தில் கட்டாயமாக வைக்கப்பட வேண்டும். மாற்றிய வடிவம், மாற்றியவர் பெயருடன், வேறு தலைப்பில் மட்டுமே வெளிவர வேண்டும். இயக்குநர், ஒளிப்பதிவாளர், எடிட்டர் ஆகியோரின் தார்மிக உரிமையைச் சட்டம் ஏற்க வேண்டும். பதிப்புலகம் நூறாண்டுக்கு முன்பே ஏற்றுக்கொண்ட ஒழுக்கத்தைத்தான் திரையுலகிடம் கேட்கிறோம். புதிதாக எதையும் கேட்கவில்லை.

இல்லையேல் நாளை கர்ணனும் களத்தில் பிழைத்தெழுவான். 'மூன்றாம் பிறை'யின் ஸ்ரீதேவி ரயிலை விட்டிறங்கிக் கமலை அடையாளம் கண்டுகொள்வாள். அரங்கில் கைதட்டலும் எழும். அதை எதிர்க்க பாலு மகேந்திரா இன்று உயிரோடு இல்லை. பார்த்தவர்கள் நாம் இருக்கிறோம். நம் நினைவில் உள்ள முடிவுதான் படத்தின் முடிவு என்று சொல்ல நமக்கும் ஒரு பிரதி வேண்டாமா?