தளேகாவ் வரை எட்டட்டும்

கொரோனா இரண்டாவது அலை வீசிய 2021 ஏப்ரல், மே மாதங்களில் ரெம்டெசிவிர் குப்பிக்காகவும் பிளாஸ்மாவுக்காகவும் நோயாளிகளின் உறவினர்கள் அலைந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அவற்றின் பலன் குறித்த விடை அதற்குப் பல மாதங்கள் முன்பே கிடைத்திருந்தது என்பதுதான் வேதனை.

பிளாஸ்மா சிகிச்சை உயிரிழப்பைக் குறைக்கவில்லை என்பது, இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வில் 2020-லேயே தெரிந்துவிட்டது. அரசின் சிகிச்சை வழிகாட்டுதலிலிருந்து அது நீக்கப்பட்டதோ 2021 மே மாதத்தில்! ரெம்டெசிவிரால் குறிப்பிடத்தக்க பலன் இல்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் 'சாலிடாரிட்டி' ஆய்வு 2020 அக்டோபரில் அறிவித்தது. செயற்கை சுவாசம் தேவைப்படாதவர்களுக்குச் சிறிதளவு பலன் உண்டு என்பதே 2022-இல் வெளியான அதன் இறுதி முடிவு.

சாலிடாரிட்டி, வழக்கமான மருந்துப் பரிசோதனை அல்ல. ஒரே ஆய்வில் பல மருந்துகளைச் சோதித்து, பலன் தராததை இடையிலேயே கைவிட்டு, புதியதைச் சேர்த்துக்கொள்ளும் தகவமைப்பு முறையிலானது. இதே முறையில் பிரிட்டனில் நடந்த 'ரெகவரி' ஆய்வு, 2020 மார்ச்சில் தொடங்கி ஜூன் மாதத்திலேயே, மலிவான டெக்ஸாமெத்தசோன் மருந்து செயற்கை சுவாசத்தில் இருப்பவர்களின் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைக்கும் என்று கண்டறிந்தது.

சாலிடாரிட்டியின் இந்தியப் பிரிவை ஒருங்கிணைத்தது, அப்போது தேசிய எய்ட்ஸ் ஆராய்ச்சி நிறுவனம் என்று அழைக்கப்பட்ட புணே நிறுவனம்தான். திறமைக்கு இங்கே பஞ்சமில்லை. சிக்கல் நடைமுறையில் இருக்கிறது.

ஆய்வுத் திட்டத்தில் மாற்றம் செய்ய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஒப்புதலும் அறநெறிக் குழுவின் ஒப்புதலும் தேவை. மருந்து மாறினால் நோயாளியின் ஒப்புதல் படிவமும் அவரது மொழியில் மாற வேண்டும். ஆறு மாதம் முன்பு சேர்ந்த நோயாளிகளுடன் இன்று சேர்பவர்களை ஒப்பிட்டால், நோயின் வீரியமும் சிகிச்சையும் மாறியிருப்பதால் முடிவு பிழையாகலாம். தகவல் தாமதமாகப் பதிவானால், பலனற்ற மருந்து மேலும் பலருக்குச் செலுத்தப்படும்.

புணேயிலிருந்து சுமார் 35 கி.மீ. தொலைவில் தளேகாவ் இருக்கிறது. தொழிற்சாலைகளும் மருத்துவக் கல்லூரியும் உள்ள ஊர். சொந்த அறநெறிக் குழு இல்லாத மருத்துவமனை, 50 கி.மீ. சுற்றளவில் உள்ள வேறொரு குழுவின் ஒப்புதலுடன் ஆய்வில் சேரலாம் என்கின்றன 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் விதிகள். அதாவது, தளேகாவ் போன்ற ஊர்களுக்குச் சட்டத்தின் கதவு திறந்தே இருக்கிறது. ஆனால், நள்ளிரவில் வரும் நோயாளிக்கு ஆய்வை விளக்கவும், அன்றன்றைய தகவலைப் பதியவும் நிரந்தர ஊழியர்கள் வேண்டாமா? ஓர் ஆய்வு முடிந்ததும் ஒப்பந்த ஊழியர்களைக் கலைத்துவிட்டு, அடுத்த கொள்ளைநோய் வந்ததும் ஆள் தேடுவது என்ன திட்டமிடல்?

அவசரத்தின் பெயரால் விதிகளைத் தளர்த்தவும் கூடாது. ஆந்திரத்திலும் குஜராத்திலும் பழங்குடி மாணவியர் உள்ளிட்ட சிறுமியருக்கு எச்பிவி தடுப்பூசி செலுத்திய திட்டத்தில், பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களும் தலைமை ஆசிரியர்களும் ஒப்புதல் கையெழுத்திட்டதை 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகச் சாடியது. இன்றைய விதிகளின் கடுமைக்குப் பின்னால் அத்தகைய அனுபவங்கள் இருக்கின்றன.

தேவை தளர்வு அல்ல, முன்னேற்பாடு. எந்தச் சூழலில் எந்த மாற்றம் செய்யலாம் என்பதற்கு முன்கூட்டியே ஒப்புதல், பல மருத்துவமனைகளுக்கும் பொதுவான அறநெறிப் பரிசீலனை, மாவட்ட மருத்துவமனைகள் வரை நிரந்தர ஆய்வுப் பணியாளர்கள், அதற்கான நிதி ஒதுக்கீடு ஆகியவற்றை மத்திய அரசு இப்போதே உறுதி செய்ய வேண்டும். ஆய்வு முடிவு வெளியானால், சிகிச்சை வழிகாட்டுதலைத் திருத்தக் காலக்கெடுவும் வேண்டும்.

இந்தியாவில் பன்றிக் காய்ச்சலின் முதல் உயிர்ப்பலி 2009-இல் புணேயில்தான் நிகழ்ந்தது. கொள்ளைநோய் அறிவித்துவிட்டு வருவதில்லை. அது வந்த பிறகு கோப்புகளைத் திறப்பதால் பயனில்லை.