கை எவ்வளவு தூரம் உயர்கிறது?

எங்கள் ஊராகிய திருமுல்லைவாயிலின் ஸ்தலபுராணம் நேயர்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். தொண்டைமான் மன்னனுடைய யானையின் கால்கள் முல்லைக் கொடிகளில் சிக்கிக்கொண்டன. அவன் வாளை உருவிக் கொடிகளை வெட்டப்போக, அடியில் மறைந்திருந்த சிவலிங்கத்தின் மேல் வெட்டுப்பட்டு இரத்தம் பெருகிற்றாம். அந்த மாசிலாமணீசுவரர் சந்நிதிக்குச் சமீபத்திலுள்ள எங்கள் வீட்டில், யானைக்குக் கால் சிக்கியதுபோல என் தமக்கையாருக்குச் சென்ற ஆண்டு வலது தோள் சிக்கிக்கொண்டது. கொடியாயிருந்தால் வெட்டிவிடலாம், இது உடம்புக்குள்ளே நேர்ந்த சிக்கல் ஆயிற்றே!

வைத்தியர் பரிசோதித்து, "உறைந்த தோள்" என்றார். தோள்மூட்டைச் சுற்றியிருக்கும் உறை தடித்துச் சுருங்கி, எலும்பை அசையவொட்டாமல் இறுக்குவது இவ்வியாதியின் இயல்பு. நீரிழிவு உள்ளவர்களுக்கு இது அதிகமாக வருகிறது. தமக்கையாருக்கு நீரிழிவு உண்டு. அலமாரியின் மேல் தட்டிலிருந்து ஒரு பாத்திரத்தை எடுக்க முடியவில்லை. கூந்தலை முடிந்துகொள்ள முடியவில்லை. வீட்டுக் குழந்தைகளுக்கெல்லாம் தலை வாரிவிட்ட ஒருத்தி, தன் தலையை வாரிக்கொள்ள அடுத்த வீட்டுப் பெண்ணை அழைக்க நேர்ந்தால், அவள் மனம் என்ன பாடுபடும்?

இயன்முறைச் சிகிச்சை நிலையத்துக்கு அழைத்துச் சென்றோம். அங்கிருந்த இளம்பெண் மேஜையிலிருந்து ஒரு கருவியை எடுத்தாள். தமக்கையார் என்னைப் பார்த்து, "ஏன் தம்பி, உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் கணக்குப் பெட்டியை இங்கேயும் கொண்டுவந்துவிட்டாயா?" என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. பாகைமானிக்கு இரண்டு நீண்ட கைகளை வைத்ததுபோல இருந்தது. கோனியாமீட்டர் என்பது அதன் பெயர்.

தமக்கையாரை மல்லாந்து படுக்கச் செய்து, முழங்கால்களை மடக்கிக்கொள்ளச் சொன்னாள். கருவியின் நடுப்புள்ளியைத் தோளின் வெளிப்பக்கத்தில் எலும்பு முனைக்குச் சற்றுக் கீழே பொருத்தினாள். ஒரு கையை விலாப்புறத்துக்கு இணையாக வைத்தாள். மற்றொன்றை மேற்கை எலும்பின் போக்கில் முழங்கையின் வெளி எலும்பை நோக்கி வைத்தாள். உடம்பை ஒட்டிக் கை கிடக்கும் நிலை 0. காதோடு ஒட்டி நேரே உயர்ந்தால் 180. முதல் நாள் கணக்கு 80 பாகை. அதைக் குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதிக்கொண்டாள்.

மூன்று வாரம் பயிற்சி நடந்தது. ஒரு வெள்ளிக்கிழமை கொடியிடை நாயகி சந்நிதியில் தமக்கையார் கையை நெற்றிக்கு மேலே உயர்த்திவிட்டார். வீட்டில் பாயசம் வைத்தோம். "அம்பாள் கொடுத்துவிட்டாள்; இனிமேல் சிகிச்சை எதற்கு?" என்றார் தமக்கையார். நானும் ஆமோதித்தேன். கட்டணம் மிச்சமாகும் என்ற எண்ணமும் எனக்கு உள்ளூர இருந்தது, அதை மறைப்பானேன்?

சொல்லிவிட்டு வருவோம் என்று போனோம். அந்தப் பெண் மறுமொழி கூறாமல், மறுபடியும் மல்லாந்து படுக்கவைத்து அளந்தாள். 95!

"கோயிலில் பார்த்தது பொய்யா?" என்று கேட்டேன்.

"பொய்யில்லை ஐயா, கை உயர்ந்தது மெய். ஆனால் தோள்மூட்டு அவ்வளவு உயரவில்லை" என்று அவள் விளக்கினாள். முழு உயரமாகிய 180 பாகையில் ஏறக்குறைய 120 தான் தோள்மூட்டில் நிகழ்வது. மீதி 60 முதுகிலுள்ள தோள்பட்டை எலும்பு சுழல்வதால் கிடைப்பது. மூட்டு இறுகியவர்கள், தம்மை அறியாமலே தோளைக் காதுவரை தூக்கி, முதுகையும் பின்னால் வளைத்துக் கையை உயர்த்திவிடுகிறார்கள். பார்ப்பவர் கண் ஏமாறுகிறது; நோயாளியும் ஏமாறுகிறார். படுக்கவைத்து அளப்பதே முதுகு வளைவதைத் தடுக்கத்தான். மேலும், கூந்தல் முடியக் கை உயர்ந்தால் மட்டும் போதாது. வெளிப்புறமாகத் திரும்பவும் வேண்டும். உறைந்த தோளில் மிகவும் குறைந்துபோவது அந்தத் திருப்பந்தான். அதையும் தனியாக அளந்து காட்டினாள். எங்கள் பாயசம் அவசரப் பாயசம் என்பது விளங்கிற்று.

இந்த அளவையின் அருமையை நம் தமிழ்நாடு முன்னரே கண்டிருக்கிறது. 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்டு, 1947-ல் செங்கற்பட்டுத் தொழுநோய் இல்லத்தில் விரல்கள் மடங்கிப்போன கைகளைக் கண்டு உருகினார். நன்றாக இயங்கும் தசைநார் ஒன்றை இடம் மாற்றி, அவ்விரல்களை நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சையை 1948-ல் வேலூரில் தொடங்கினார். இத்தகைய கைகளில் விரலின் நடுக்கணுவை மூன்று விதமாக அளப்பார்கள். நோயாளி தாமாக நீட்டும்போது ஒரு கோணம். அடிக்கணுவைப் பிறர் தாங்கிக்கொள்ள அவர் நீட்டும்போது ஒரு கோணம். பிறரே பிடித்து நீட்டும்போது ஒரு கோணம். முதலிரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அறுவையால் கிடைக்கக்கூடிய நன்மையைக் காட்டும். மூன்றாவதிலும் விரல் நிமிராவிட்டால் கணுவே இறுகிவிட்டது என்று பொருள். முதலில் பயிற்சியாலும் கட்டுகளாலும் அதை இளக்க வேண்டும். ஒரு மனிதன் மீண்டும் தன் கையால் சோறு பிசைந்து உண்பானா என்பது சில பாகைகளில் அடங்கியிருக்கிறது!

எத்தனை பாகை போதும் என்பதற்கு நம் வாழ்க்கை முறையையும் கவனிக்க வேண்டும். சமதரையில் நடக்க முழங்கால் சுமார் 60 பாகை மடங்கினால் போதும். நாற்காலியிலிருந்து எழ ஏறக்குறைய 90 தேவை. குந்தி உட்கார்ந்து கோலம் போடுகிறவளுக்கோ, களை பறிக்கிறவளுக்கோ அதனினும் மிக அதிகம் வேண்டும். நாற்காலி தேசத்தார் "போதும்" என்று சொல்லும் கணக்கு நம் அடுப்பங்கரைக்கும் வயலுக்கும் போதாது. 1968-ல் ஜெய்ப்பூரில் உருவான செயற்கைக் கால், குந்தவும் சம்மணமிடவும் வெறுங்காலோடு நடக்கவும் இடங்கொடுத்ததனால் அல்லவா நம் ஏழை மக்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள்?

சிகிச்சைக்குப் போகும் நேயர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். முதல் நாளே அளவைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நோயில்லாத பக்கத்தையும் அளக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் அதே நிலையில், கூடுமானால் அதே நபர் அளக்கட்டும். ஐந்து பாகை ஏறிற்று என்று துள்ளவும் வேண்டாம், இறங்கிற்று என்று சோரவும் வேண்டாம். அவ்வளவு பிசகு அளப்பதிலேயே நேரலாம். எண்ணை உயர்த்தும் ஆவலில் வீட்டார் கையைப் பிடித்து இழுப்பது கூடவே கூடாது.

தமக்கையாரின் வலக்கை எட்டு மாதத்தில் 150-ஐ எட்டியது, இடக்கை 165. இருபது வருஷமாய்ப் பிள்ளைகளின் விடைத்தாள்களில் மதிப்பெண் போடுகிறேன். பெற்றோர் மனம் நோகுமே என்று சில சமயம் இரண்டு கூட்டிப் போட்டதும் உண்டு. அந்தப் பெண் அன்று தயவு பார்த்து 120 என்று எழுதியிருந்தால், தமக்கையார் இன்றும் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுப் பெண்ணுக்காகத் திண்ணையில் காத்திருப்பார்.