மொச்சைக்கும் ஒரு தொப்புள்

ஆபீஸ் மெடிக்கல் செக்கப்பில் எடுத்த மார்பு எக்ஸ்ரே ரிப்போர்ட்டில் ‘ஹைலார்’ என்று ஒரு வார்த்தை இருந்தால் போதும், பக்கத்து சீட்டுக்காரர் டி.பி. என்று தீர்ப்பே சொல்லிவிடுவார். அவசரப்படாதீர்கள் சார். அது வியாதியின் பெயரல்ல, இடத்தின் பெயர்.

பொங்கல் சமயத்தில் சேலம், நாமக்கல் பக்கம் மொச்சைக்கொட்டைக்குப் பஞ்சமிருக்காது. ஒன்றை எடுத்துப் பாருங்கள். ஓரத்தில் வெள்ளையாக ஒரு கோடு தெரிகிறதே, அந்த இடம்தான் ஹைலம். காய்க்குள் இருந்தவரை கொட்டைக்குச் சாப்பாடு அந்த வழியாகத்தான் வந்தது. தொப்புள் என்று வைத்துக்கொள்ளுங்களேன். ராத்திரி ஊறவைத்து, காலையில் துடைத்துவிட்டு மெல்ல அழுத்தினால், கோட்டுக்குப் பக்கத்தில் ஊசித்துளை ஒன்றிலிருந்து ஒரு துளி நீர் எட்டிப் பார்க்கும்.

லத்தீனில் ‘ஹீலம்’ என்றால் அற்பம், துக்கடா. அவரை இனத்துக் கொட்டையில் ஒட்டியிருக்கும் துணுக்குதான் அது என்று கருதுவதாக ஃபெஸ்டஸின் பழைய ரோமானிய அகராதியில் குறிப்பு இருக்கிறது. அந்தத் துணுக்குகூட இல்லை என்பதுதான் ‘நிஹில்’. அது தேய்ந்து ‘நில்’. மாசக் கடைசியில் நம் பாலன்ஸ் நில். தமிழில் படித்தாலும் தப்பில்லை: மேற்கொண்டு செலவு பண்ணாதே, நில்!

இப்படி அற்பப் பெயர் வாங்கியதை உடற்கூறு நிபுணர்கள் எங்கே கொண்டுபோய் வைத்தார்கள் தெரியுமா? கறிக்கடையில் ஆட்டுக் குண்டிக்காயைப் பாருங்கள். (நம்மவர்களுக்கும் அது ‘காய்’தான்!) அச்சு அசல் அவரைக்கொட்டை. உள்வளைந்த பக்கத்தில் ரத்தக்குழாய்கள் உள்ளே போய் வர, சிறுநீர்க்குழாய் வெளியே கிளம்புகிற வாசல்தான் ஹைலம். நுரையீரலிலும் அப்படியே: மூச்சுக்குழலும் ரத்தக்குழாய்களும் நுழைகிற வாசல். எக்ஸ்ரேயில் இதயத்துக்கு இரண்டு பக்கமும் நிழலாகத் தெரியும். இடது பக்கம் கொஞ்சம் உயரமாக இருப்பது சகஜம், பயப்பட வேண்டாம். ஆனால் அங்கே நெறி வீங்கியிருப்பதாக எழுதியிருந்தால், சீட்டுக்காரரை விட்டுவிட்டு டாக்டரிடம் போங்கள். டி.பி.யும் காரணமாக இருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம்.

இன்னொரு இடமும் பாக்கி. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய சேலம் ஜவ்வரிசிக்கு மூலம் மரவள்ளிக்கிழங்கு மாவு. பச்சை மாவை மைக்ராஸ்கோப்பில் வைத்தால் ஒவ்வொரு மணியிலும் ஒரு புள்ளி. அதைச் சுற்றித்தான் மாவுச்சத்து அடுக்கடுக்காக வளர்ந்திருக்கும். அதற்கும் ஹைலம் என்றே பெயர். பாயசத்தில் தேடாதீர்கள். வெந்ததும் மணி வீங்கி உடைந்து, ஹைலமே நிஹில்.