சம்மன் கையில வந்தா புரியணும்! நீதிமன்றம் நம்ம மக்கள்கிட்ட நேரா பேசட்டும்!

தோழர்களே!

இருக்கன்குடியில் ஒரு வீட்டு வாசலுக்குக் கோர்ட் சம்மன் வருதுன்னு வச்சுக்கோங்க. அந்த வீட்டு அக்கா பட்டாசு ஆலைக்குப் போறவங்க. சாட்சியா கூப்பிட்டிருக்காங்களா, பிரதிவாதியாவா? யாரிடம் கேட்பது? "தவறினால் ஒருதலைப்பட்சமாகத் தீர்மானிக்கப்படும்" என்ற வரிக்கு, நீங்க வராவிட்டால் உங்களைக் கேட்காமலேயே தீர்ப்பு வந்துவிடும் என்று பொருள். எத்தனை பேருக்கு இது தெரியும்?

தமிழ்நாடு ஆட்சிமொழிச் சட்டம் 1956. அதில் 1976ல் வந்த திருத்தத்தின்படி கீழமை நீதிமன்றங்களின் மொழி தமிழ். சட்டம் இருக்கு. ஆனா தமிழில் இருந்தால் மட்டும் போதாது தோழர்களே, புரியுற தமிழில் இருக்கணும்!

ஒரு காலத்தில் இந்த நாட்டில் ஜூரி முறை இருந்தது. பொதுமக்களில் சிலர் உட்கார்ந்து வழக்கைக் கேட்டு முடிவு சொன்னார்கள். 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அதற்கு இடமில்லாமல் போனது. அந்த முறையில் குறைகள் இருந்தன, அதை மீண்டும் கேட்கவில்லை. ஆனால் இன்று சாமானியன் கோர்ட்டுக்குள் போவது சாட்சியாகவோ, வழக்கில் கட்சிக்காரராகவோதான். அவனுக்கு நடப்பதைச் சொல்ல வேண்டிய பொறுப்பு முன்பைவிட இப்போது அதிகம்.

நம்ம பகுதிக்கு இது உயிர்ப் பிரச்சினை. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் சரவெடி கூடாது, பேரியம் கூடாது என்று உத்தரவிட்டது. ஒரு வட்டாரத்தின் பிழைப்பையே மாற்றிய தீர்ப்பு, எழுதப்பட்டது ஆங்கிலத்தில். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளம் ஆலை வெடித்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இப்படி ஆளை இழந்த குடும்பம், வழக்கு எந்த நிலையில் இருக்குன்னு அறிய அலையணுமா?

"ஆங்கிலம் இல்லாவிட்டால் மேல்முறையீட்டுக்குச் சிரமம்" என்கிறார்கள். சரி, மொழிபெயர்க்கட்டும். அந்தச் சுமை நீதித்துறையுடையது, கூலியை விட்டுட்டு வர்ற தொழிலாளியுடையது இல்லை.

நாம் கேட்பது நாலே விஷயம்:

▪️ சம்மனின் மேலேயே பெரிய எழுத்தில்: நீங்கள் யார், எங்கே, எப்போது வரணும், வராவிட்டால் என்ன ஆகும்.
▪️ அடுத்த வாய்தா தேதி செல்போனுக்குத் தமிழில்.
▪️ சாத்தூர் போன்ற தாலுகா நீதிமன்றங்களில் கேட்டால் பதில் சொல்ல ஒரு உதவி மேசை.
▪️ ஆலை விபத்து வழக்குகளில் குடும்பங்களுக்கு விசாரணை நிலை பற்றித் தவறாமல் தகவல்.

கடைசிக் கோரிக்கை சலுகை இல்லை. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமே, விசாரணை முன்னேற்றத்தை 90 நாளுக்குள் புகார் கொடுத்தவருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ போலீஸ் சொல்லணும் என்கிறது. பழைய சட்டம் ஆள் இல்லாத நேரத்தில் வீட்டு ஆண்களிடம்தான் சம்மனைக் கொடுக்கலாம் என்றது. இப்போது வீட்டுப் பெண்களிடமும் கொடுக்கலாம். அப்படின்னா அந்தக் காகிதம் அவங்களுக்குப் புரியுற மாதிரி இருக்க வேண்டாமா?

அதுவரைக்கும் நாம் சும்மா இருக்கலாமா? கூடாது! கிளைத் தோழர்களே, உங்கள் தெருவில் இதைச் சொல்லுங்கள்: பெண்கள், பட்டியல் சமூகத்தினர், ஆலைத் தொழிலாளர்கள், தொழிற்பேரழிவில் பாதிக்கப்பட்டவர்கள் எல்லாருக்கும் இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் போட்டுக் கேட்கலாம். ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்க சி.என்.ஆர். எண் இருக்கு. அதைக் கேட்டு வாங்கி, குறிச்சு வச்சு, இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டு அடுத்த தேதியைப் பார்த்துச் சொல்லுங்கள். அஞ்சு நிமிஷ வேலை. ஒரு குடும்பத்தின் ஒருநாள் கூலி மிச்சம்.

சம்மன் வந்தால் பயம் வரக் கூடாது. விவரம் வரணும்!

பகிருங்கள் தோழர்களே!

#புரியும்தமிழில்நீதி #சாத்தூர் #இருக்கன்குடி